முதலாளி நாற்காலி உங்களிடம் வந்த கதை: தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் பெருமக்களுக்கும், அவர்களுடைய சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1977-ல் பாரதிராஜா '16 வயதினிலே' எடுக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போனார், கோடம்பாக்கத்து செட்டுகள் அன்றோடு காலி, ஸ்டுடியோ முதலாளி கையில் இருந்த சினிமா இயக்குநர் கைக்கு வந்தது. கைதட்டல் வாங்கும் கதைதான், பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. இன்று நீங்கள் தடுமாறும் இடங்களெல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் இருக்கின்றன. அதனால்தான் இந்த மடல்.

நான் இயக்குநர் இல்லை. பிலிம் காலத்தில் எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருந்தவன். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று விளங்கிவிடும்: ஒரு படத்தில் யார் பேச்சு எடுபட்டது, யார் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள் என்பதை ரஷ், அதாவது வெட்டி ஒட்டாத படச்சுருள், பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் அந்த முதலாளிகள். சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வைத்திருந்த டி.ஆர். சுந்தரத்தின் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அங்கே படம் என்பது உற்பத்தி. கதை எழுதுகிறவர், பாட்டு எழுதுகிறவர், கேமரா பிடிக்கிறவர், செட் போடுகிற ஆசாரி எல்லோரும் சம்பளக்காரர்கள். இயக்குநரும் அப்படித்தான். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. வசனம் மு. கருணாநிதி. நடுவில் டங்கன் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார், மீதியைச் சுந்தரமே முடித்தார். இன்று உங்கள் படத்தில் பாதியில் நீங்கள் ஊரைவிட்டுப் போனால் படம் நடுத்தெருவில் நிற்கும். அன்று நிற்கவில்லை. வசனத்துக்குப் பேர்போன ஒரு தமிழ்ப் படத்தைத் தமிழ் தெரியாதவர் இயக்க முடிந்தது, அவர் போன பிறகும் அது முடிந்தது என்றால், இயக்குநரைச் சுற்றி இருந்த மற்ற துறைகள் எவ்வளவு கெட்டியாக இருந்திருக்க வேண்டும்!

சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் முதலாளி எஸ்.எஸ். வாசன். 'சந்திரலேகா'வை இயக்க ஆரம்பித்தவர் டி.ஜி. ராகவாச்சாரி. பாதிக்கு மேல் எடுத்த பிறகு கருத்து வேறுபாடு வந்தது, அவர் விலகினார், வாசன் தானே இயக்குநராக உட்கார்ந்தார். 1948-ல் படம் வெளியானபோது செலவு 30 லட்சம் ரூபாய் என்றார்கள். அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத தொகை. படத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முரசு நடனத்தைச் சொல்வார்கள், வாசனைச் சொல்வார்கள். ராகவாச்சாரியைச் சொல்கிறவர் எத்தனை பேர்?

'பராசக்தி' கதை எல்லோருக்கும் தெரியும். ஒல்லியாக இருந்த சிவாஜி கணேசனை ஏவி.எம். முதலாளி மெய்யப்பச் செட்டியாருக்குப் பிடிக்கவில்லை, ஆளை மாற்றச் சொன்னார், தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனையோ முறை எத்தனையோ பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட யாரும் "இயக்குநர்கள் கிருஷ்ணன் - பஞ்சு என்ன சொன்னார்கள்?" என்று கேட்டதில்லை. கதாநாயகன் யார் என்ற சண்டையில் இயக்குநருக்கு வசனமே இல்லை. 'மிஸ்ஸியம்மா'விலும் அதே கதைதான். சில ரீல்கள் எடுத்த பிறகு பானுமதிக்கும் தயாரிப்பாளர் சக்கரபாணிக்கும் முட்டிக்கொண்டது, பானுமதி போனார், சாவித்திரி வந்தார். இயக்குநர் எல்.வி. பிரசாத். முடிவெடுத்தது அவரல்ல.

(பானுமதியைப் பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அதற்குமுன்பே 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கியவர், கணவரோடு சேர்ந்து பரணி ஸ்டுடியோவின் உரிமையாளர். முதலாளியாக இருந்த பெண்ணால் அன்றே இயக்குநராக முடிந்தது. இயக்குநரின் காலம் வந்த பிறகு உங்கள் நாற்காலியில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதை உங்கள் உறுப்பினர் பட்டியலே சொல்லும்.)

ஆக, ஸ்டுடியோ காலத்துக்கு ஏங்கி இந்த மடலை எழுதவில்லை. அங்கே இயக்குநருக்குக் குரல் குறைவு, நடிகருக்கு ஒப்பந்தக் கயிறு, முதலாளிக்குக் கோபம் வந்தால் போட்ட உழைப்பு குப்பைக்கு. ஆனாலும் அந்த முதலாளிகள் அதிகாரத்தோடு சில பாரங்களையும் சுமந்தார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் போட்டார்கள். பையன்களைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் ஜெமினியில் உதவியாளராகச் சேர்ந்து கற்றவர்தான். நெகட்டிவைச் சொத்தாக நினைத்துப் பூட்டிவைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கதை இலாகா என்று ஒன்றை வைத்திருந்தார்கள்.

இந்தக் கதை இலாகாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜெமினியில் கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், சங்கு சுப்பிரமணியம், நைனா, கிட்டு என்று ஒரு கூட்டம். வேலை என்ன? கதை யோசிப்பது, கதை கேட்பது, அடித்துப் பேசுவது, இது வேண்டாம் என்று சொல்வது. அதே ஜெமினியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அசோகமித்திரன் அந்த உலகத்தைப் பின்னாளில் எழுதினார். அதில் கிண்டல் நிறையவே உண்டு. நானும் அந்த இலாகாவைப் புனிதப்படுத்தவில்லை, அங்கே வெட்டிப்பேச்சும் நடந்திருக்கும், முதலாளிக்கு ஜால்ராவும் அடித்திருப்பார்கள். ஆனால் ஒரு படம் ஃப்ளோருக்கு, அதாவது படப்பிடிப்புத் தளத்துக்கு, போகும் முன் அதைப் பல பேர் கேட்டாக வேண்டும், அவர்களுக்கு அதற்காகவே சம்பளம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. ஏவி.எம்.மிலும் கதை இலாகா இருந்தது, டைட்டிலில் பெயரும் போட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டுடியோ என்றால் புதுமைக்கு எதிரி என்பது சரித்திரம் அல்ல. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை, கதாநாயகன் முதல் காட்சியிலேயே செத்துக்கிடக்கிறான். 1954-ல் 'அந்த நாள்' எடுத்தது ஏவி.எம். இயக்கியவர் வீணை எஸ். பாலச்சந்தர். அதே துணிச்சலோடு இன்று ஒரு நட்சத்திரத்தை வைத்துப் படம் எடுக்க உங்களில் எத்தனை பேருக்குத் தயாரிப்பாளர் கிடைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஸ்டுடியோவை வீழ்த்தியது யார்? நீங்கள் அல்ல. உங்கள் முன்னோடிகளும் அல்ல. பாரதிராஜா வருவதற்கு வெகு முன்பே முதலாளிகளின் பிடி நழுவிவிட்டது. நட்சத்திரங்களின் சம்பளம் ஏறியது. 1958-ல் எம்.ஜி.ஆர். தானே தயாரித்துத் தானே இயக்கி 'நாடோடி மன்னன்' எடுத்தார். இனிமேல் நடிகருக்கு முதலாளி தேவையில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. நட்சத்திரத்தின் கால்ஷீட் கையில் இருந்தால் விநியோகஸ்தர்கள் ஏரியா ஏரியாவாக முன்பணம் கொடுத்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு கம்பெனி என்று புற்றீசல்போலத் தயாரிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஸ்டுடியோவின் மூளை இல்லை, அதன் ஃப்ளோர் மட்டும்தான். முதலாளிகள் வாடகைக்காரர்களாக, மன்னிக்கவும், வாடகைக்கு விடுகிறவர்களாக ஆனார்கள். வாடகை வருமானத்தைவிட அடியில் இருந்த நிலத்தின் மதிப்பு அதிகம் என்று கணக்குத் தெரிந்த நாளில் கதை முடிந்தது. 1969-ல் வாசன் மறைந்தார். 1973-ல் ஜெமினி வளாகத்துக்குப் பக்கத்தில் மேம்பாலம் வந்தது. ஸ்டுடியோ போய்விட்டது, மேம்பாலத்துக்கு மட்டும் இன்றும் அந்தப் பெயர். வடபழனியில் வாகினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் மாலும் நிற்கின்றன. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் மிச்சம்.

இந்த இடைக்காலத்தில்தான் இயக்குநர் என்ற பெயர் சுவரொட்டியில் எடுபட ஆரம்பித்தது. ஸ்ரீதர் 1959-ல் 'கல்யாணப் பரிசு' இயக்கினார். பிறகு சித்ராலயா என்று சொந்தக் கம்பெனி. 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஒரே ஆஸ்பத்திரி செட், கல்யாண்குமார், முத்துராமன், தேவிகா. பெரிய நட்சத்திரம் இல்லை, ஆனால் படம் ஓடியது, அடுத்த ஆண்டே அவரே இந்தியிலும் எடுத்தார். கவனியுங்கள்: அவர் ஸ்டுடியோவைவிட்டு வெளியே போகவில்லை. ஃப்ளோரை வாடகைக்கு எடுத்தார், செட் போட்டார், ஜெமினியில் வளர்ந்த வின்சென்ட்டின் கேமராவை வைத்து எடுத்தார். கட்டளையிடுகிற ஆள் மட்டும் மாறினார். கே. பாலசந்தர் நாடக மேடையிலிருந்து வந்து 1965-ல் 'நீர்க்குமிழி' எடுத்தார். அதுவும் ஆஸ்பத்திரிதான்! அதே ஆண்டில் ஜெயகாந்தன் என்ற எழுத்தாளர் சொந்தமாக 'உன்னைப்போல் ஒருவன்' இயக்கினார், தேசிய அளவில் விருது வந்தது, தியேட்டர்தான் சரியாகக் கிடைக்கவில்லை.

பிறகு 1976 முதல் 1980 வரை. உங்கள் தொழிலின் பொற்காலம் என்று நீங்கள் சொல்கிற ஐந்து வருடம். நானும் சொல்வேன். 'அன்னக்கிளி'க்காகத் தெங்குமரஹாடா என்ற கிராமத்துக்குப் போனார்கள். '16 வயதினிலே', 'அவள் அப்படித்தான்', 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்', 'பசி', 'அழியாத கோலங்கள்' என்று வரிசையாக வந்தன. ஏன் அப்போது? மேதைகள் ஒரே சமயத்தில் பிறந்ததால் மட்டும் இல்லை. கனமான ஸ்டுடியோ கேமராக்களுக்குப் பதிலாக ஆளே தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் கேமரா புழக்கத்துக்கு வந்தது. அது சத்தம் போடும், ஆனால் பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டுடியோ பயிற்சி நின்றுபோன இடத்தை அடையாறு திரைப்படக் கல்லூரியும் புனே கல்லூரியும் நிரப்பின. '16 வயதினிலே'யின் ஒளிப்பதிவாளர் நிவாஸும் 'அவள் அப்படித்தான்' இயக்குநர் ருத்ரய்யாவும் அடையாறு, 'அழியாத கோலங்கள்' எடுத்த பாலு மகேந்திரா புனே. நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம் என்றால் சின்னத் தயாரிப்பாளராலும் படம் எடுக்க முடியும் என்ற நிலை வந்தது.

'16 வயதினிலே'யைத் தயாரித்த எஸ்.ஏ. ராஜ்கண்ணு அப்படி ஒருவர். சில லட்சங்களில் எடுத்த படம். விநியோகஸ்தர்கள் வாங்க முன்வராததால் அவரே வெளியிட்டார். படத்தில் ஸ்ரீதேவி மெதுவாக, மிதப்பதுபோல ஓடிவரும் காட்சி நினைவிருக்கும். ஸ்லோமோஷன் கேமரா வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை. ஆகவே அந்தப் பெண்ணையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்கள். அந்த ஷாட்டை எடிட்டிங் மேஜையில் ஓட்டிப் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். கால் மெதுவாக எழும், காற்றில் தலைமுடியும் தாவணியும் மட்டும் வழக்கமான வேகத்தில் ஆடும். ஸ்டுடியோவாக இருந்தால் கேமரா துறையில் சொல்லி வரவழைத்திருப்பார்கள், அந்தத் தவிப்பும் இருந்திருக்காது, அந்தத் தந்திரமும் இருந்திருக்காது. இல்லாமையைச் சமாளித்து எழுந்த கலை அது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

அதிகாரம் கை மாறியதைக் காதாலேயே கேட்கலாம். ஜெமினி படம் என்றால் முதலில் இரண்டு குழந்தைகள் ஊதுகுழல் ஊதும். ஏவி.எம். என்றால் அந்த இசை. கம்பெனி முத்திரைதான் ரசிகனை வரவேற்றது. பாரதிராஜா படங்களில் அந்த இடத்தில் "என் இனிய தமிழ் மக்களே" என்று இயக்குநரின் சொந்தக் குரலே ஒலிக்க ஆரம்பித்தது. கம்பெனி பேசிய இடத்தில் ஒரு மனிதன் பேசினான்.

நான் சொல்ல வந்த மீதிப் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த மனிதன் தனியாகப் பேசவில்லை.

'16 வயதினிலே'யின் வசனம் கலைமணி. அதைத் தொடர்ந்த படங்களில் ஆர். செல்வராஜின் கதை இருக்கிறது, பாக்யராஜின் வசனம் இருக்கிறது. மகேந்திரன் 'முள்ளும் மலரு'முக்கு உமாசந்திரனின் நாவலிடம் போனார், 'உதிரிப்பூக்க'ளுக்குப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிடம் போனார். போனேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ருத்ரய்யாவோடு அனந்துவும் வண்ணநிலவனும் உட்கார்ந்து எழுதினார்கள். அந்த அனந்துதான் பாலசந்தருக்கும் பக்கத்துணை. ஸ்ரீதருக்குச் சித்ராலயா கோபு. பிறகு வந்த மணிரத்னம் 'நாயக'னுக்குப் பாலகுமாரனையும் 'ரோஜா'வுக்குச் சுஜாதாவையும் அழைத்துக்கொண்டார். அதாவது, தலைசிறந்த இயக்குநர்கள் ஒவ்வொருவரும் இடிந்துபோன ஸ்டுடியோவிலிருந்து கதை இலாகாவை மட்டும் காப்பாற்றித் தங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "சார், இது வேலைக்காகாது" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவரை வைத்துக்கொண்டார்கள். அவரது பெயரையும் டைட்டிலில் போட்டார்கள்.

வெளியிலிருந்தும் தடை இருந்தது என்பது வேறு. 'முள்ளும் மலரும்' படத்தில் வசனம் குறைவு என்று தயாரிப்பாளர் கலங்கிப்போனதையும், பாக்கியிருந்த ஒரு காட்சியை எடுக்கப் பணம் தர மறுத்தபோது கமல்ஹாசன் உதவியதையும் மகேந்திரனே சொல்லியிருக்கிறார். தடைகளைத் தாண்டியவர்களை நாம் கொண்டாடுகிறோம். நியாயம்தான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்திலிருந்து அடுத்த தலைமுறை கற்றுக்கொண்ட பாடம் தவறாகப் போய்விட்டது. "இயக்குநர் சொன்னால் அதுதான்" என்று கற்றுக்கொண்டது. "கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்" என்ற நான்கு சொற்களும் ஒரே பெயருக்கு மேல் வந்தால்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. பாக்யராஜ் போன்ற சிலருக்கு அது உண்மையாகவே பொருந்தியது. எல்லோருக்குமா?

டிஸ்கஷன் என்று ஒன்று நடக்கும். லாட்ஜில் ரூம் போட்டிருப்பார்கள். நான் எடிட்டர் சார்பாகச் சில முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலில் டைரக்டர் சாய்ந்திருப்பார். தரையில் ஆறேழு உதவி இயக்குநர்கள், மடியில் நோட்டு. டைரக்டர் ஒரு சீன் சொல்வார். "சூப்பர் சார்" என்பார் ஒருவர். "இதுக்கு தியேட்டர்ல விசில் பறக்கும் சார்" என்பார் இன்னொருவர். கடைசியில் சுவரோரம் இருக்கிற புதுப்பையன், "சார், இடைவேளைக்கு முன்னாடி அந்தப் பொண்ணு இதைத்தானே வேண்டாம்னு சொல்லிட்டுப் போறா?" என்று கேட்பான். அறை ஒரு நொடி அமைதியாகும். டைரக்டர் சிரிப்பார், மற்றவர்களும் சிரிப்பார்கள், பையனை டீ வாங்கிவர அனுப்புவார்கள். பத்து மாதம் கழித்து எடிட்டிங் அறையில் அந்த ஓட்டையை அடைக்க நாங்கள் மூன்று இரவு விழித்திருப்போம். அந்தப் பையன் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான்.

அந்தப் பையனுக்குச் சம்பளம் என்ன? பல இடங்களில் டிஸ்கஷன் காலத்துக்கு எதுவுமே இல்லை. படப்பிடிப்பு ஆரம்பித்தால் பேட்டா. சம்பளம் என்று பேசியது படம் வெளியாகும்போது "பார்த்துக்கலாம்" ஆகிவிடும். ஸ்டுடியோ காலத்தில் முதலாளி திட்டினாலும் ஒன்றாம் தேதி கவர் வந்தது. குருகுலம் என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். பி.ஆர். பந்துலுவிடம் புட்டண்ணா கனகல், புட்டண்ணாவிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன், பாண்டியராஜன். பாலு மகேந்திராவிடம் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வம்சாவளி இருக்குமா தெரியாது, எனக்கும் அது பெருமைதான். ஆனால் குருகுலத்தில் சீடனுக்குச் சோறு போடுவது குருவின் கடமை. சோற்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் யார் வருவார்கள்? சென்னையில் பல வருடம் வருமானமில்லாமல் தாங்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். பெண் பிள்ளையை அப்படி அனுப்புகிற குடும்பங்கள் இன்னும் குறைவு. யார் அடுத்த இயக்குநர் என்பதை இன்று திறமையைவிட வாடகை கட்டும் வசதி தீர்மானிக்கிறது.

கதைத் திருட்டு என்ற பஞ்சாயத்தும் இங்கிருந்துதான் முளைக்கிறது. 2018-ல் ஒரு பெரிய நட்சத்திரப் படத்தின் கதையை வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்தார் என்று எழுத்தாளர் சங்கம் வரை போய், நீதிமன்றம் வரை போய், கடைசியில் அவர் பெயரைப் படத்தில் போட ஒப்புக்கொண்டு முடித்தார்கள். யார் சரி, யார் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கதை இலாகா என்று பொதுவாகப் பெயர் போட்ட காலத்தில் தனியாளின் உழைப்பு மறைந்தது. இயக்குநர் பெயர் மட்டும் போடும் காலத்திலும் அதே தனியாள்தான் மறைகிறான்.

1997 உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இயக்குநர்கள் உள்ளிட்ட படைப்பாளிகள் ஒரு பக்கம், பெப்சி என்ற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தார் ஒரு பக்கம் என்று பிரிந்து மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்றது. பேச்சுவார்த்தைகளில் எது நியாயம் என்ற விவாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். லைட்மேனும் இயக்குநரும் எதிரெதிரே நின்றபோது, இயக்குநர் நின்றது முதலாளி நிற்கிற இடத்தில் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். நாற்காலி மாறிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

நெகட்டிவ் விஷயம். இது என் துறை என்பதால் கொஞ்சம் கசப்பாகவே எழுதுவேன். ஒரு படம் எடுத்துவிட்டு ஊருக்குப் போன தயாரிப்பாளர், பிலிம் கழுவும் லேப்பில் நெகட்டிவை, அதாவது படத்தின் மூலச்சுருளை, விட்டுவிட்டுப் போவார். பாதுகாப்புக் கட்டணம் பாக்கி நிற்கும். வருடங்கள் ஓடும். லேப் மூடுகிறது என்று செய்தி வரும், யாரும் எடுக்க வரமாட்டார்கள். அப்படி மூடப்போகும் ஒரு இடத்தில் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறேன். திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறும். பிலிம் சுருங்கி, விளிம்பு அலையலையாக வளைந்து, துளைகள் சக்கரப் பல்லில் உட்காராது. அதை இனி எந்த ஸ்கேனரிலும் ஓட்ட முடியாது. டப்பா மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் படத்தின் பெயர், ரீல் எண், இயக்குநர் பெயர். அந்த இயக்குநர் அப்போது உயிரோடு இருந்தார், சென்னையில்தான் இருந்தார்.

ஸ்டுடியோக்கள் எல்லாவற்றையும் காப்பாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். 1931-ன் 'காளிதாஸ்' இல்லை, முப்பதுகளின் பெரும்பாலான படங்கள் இல்லை. இருந்தாலும் முதலாளிக்கு நெகட்டிவ் என்பது மறுவெளியீட்டுக்கும் டப்பிங்குக்கும் காசு தரும் பண்டம், அதனால் ஓரளவு பார்த்துக்கொண்டார். இயக்குநரின் காலத்தில் படம் இயக்குநர் பெயரில், நெகட்டிவ் தயாரிப்பாளர் பெயரில், டப்பா லேப்பின் அலமாரியில். மூன்று பேருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை. பாலு மகேந்திரா கடைசி வருடங்களில் தன் சொந்தப் படங்களின் நெகட்டிவே கைவசம் இல்லை என்று வருந்தி, தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014-ல் போய்விட்டார். அவர் மாணவர்கள் இன்று பெரிய இடங்களில் இருக்கிறீர்கள். டிஜிட்டல் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று நினைக்காதீர்கள். பிலிம் கெட்டுப்போக இருபது முப்பது வருடமாவது எடுத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் நின்றுவிடும்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? நாற்காலி மறுபடி ஆடுகிறது. நட்சத்திரம் கதை கேட்டுத் திருத்தம் சொல்கிறார். ஓடிடி நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒருவர் பத்தாவது நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று குறிப்பு அனுப்புகிறார். கார்ப்பரேட் கம்பெனிக்குக் கதை இலாகாவும் இல்லை, ஒன்றாம் தேதி கவரும் இல்லை, ஆனால் வாசனுக்கு இருந்த அதிகாரம் இருக்கிறது. "படைப்புச் சுதந்திரம்" என்று நீங்கள் குரல் எழுப்பும்போது உங்கள் பின்னால் நிற்கப்போவது யார்? எழுத்தாளரா? அவர் பெயரைப் போடவில்லை. உதவி இயக்குநரா? அவர் வாடகை பாக்கிக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிஸ்கஷனில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் அன்று முதல் மாதச் சம்பளம் என்பதைத் தயாரிப்பாளரோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் சம்பளத்தில் பேரம் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள், உங்களால் முடியும். கதையில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் எழுத்தாளர் என்றே டைட்டிலில் போடுங்கள், "கதை விவாதம்" என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் பத்துப் பெயரை ஓடவிடாதீர்கள்.

மூன்றாவதற்குப் பெரிய பணம்கூட வேண்டாம். சங்கத்தில் ஒரு அறையும் ஒரு ஸ்கேனரும் போதும். மூத்த இயக்குநர்கள், வசனகர்த்தாக்கள், மறைந்தவர்களின் வீட்டார் ஆகியோரின் பரண்களில் சீன் பேப்பர்களும், கன்டினியூட்டி நோட்டுகளும், அடித்துத் திருத்திய வசனப் பிரதிகளும் கிடக்கின்றன. கரையான் முந்திக்கொள்ளும் முன் வாங்கி, நகலெடுத்து, அசலைத் திருப்பிக் கொடுங்கள். அடையாறு கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள், சம்பளம் கொடுத்தால் இன்னும் நன்றாக வருவார்கள். எழுபதுகளின் படங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தப் படங்களில் வேலை பார்த்த எடிட்டிங், கேமரா உதவியாளர்கள் சிலர் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பிரதி யார் வீட்டில் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கேட்டால் முகவரி தருகிறோம்.

இப்படிக்கு,
எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருந்த ஒருவன்